நாக்கு நுனி

ஹங்கேரியிலிருந்து வந்தவள் பெயர் இல்டிகோ.
இரண்டாம் நாளே இட்லியக்கா ஆகிவிட்டாள்.
பாலக்கோட்டு மினி பஸ்ஸில்
தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றபடி
நாலு மாதம் எங்கள் பள்ளிக்கு வந்துபோனாள்,
சம்பளம் இல்லாமல்.
'சும்மாவா? சும்மாவா வருது அந்தப் பொண்ணு?'
சத்துணவு பைரம்மாவுக்குக் கடைசிவரை
நம்பிக்கை வரவில்லை.
தினமும் ஒரு முட்டை எடுத்துவைத்தாள்
கூலி மாதிரி.

எனக்கு வேறு சங்கடம்.
பதினோரு வருஷமாய் இங்கே
இங்கிலீஷ் டீச்சர் நான்.
'நீங்க பின்னால உட்கார்ந்து கவனிங்க மேடம்'
என்றார் தலைமையாசிரியர்.
உட்கார்ந்தேன்.
எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சு
முழங்காலில் இடித்தது.

அவளுக்கு 'த்ரீ' வரவில்லை.
ஒன், டூ, ஸ்ரீ என்றாள்
கல்யாணப் பத்திரிகையின் தலைப்பு போல.
'திங்க்' அவள் வாயில் 'சிங்க்'.
நினைப்பதும் மூழ்குவதும் ஒன்றாகிவிட
மாதேஷ் கட்டுரை நோட்டில் எழுதினான்:
என் அப்பா தக்காளியைப் பற்றி மூழ்குகிறார்.
கிலோ இரண்டு ரூபாய்க்குப் போன வாரம் அது.
அவளும் திருத்தவில்லை,
நானும் திருத்தவில்லை.

முனிரத்னாவின் அப்பா சண்டைக்கு வந்தார்.
'வெள்ளைக்காரியே தப்பாச் சொன்னா
எங்க புள்ளைங்க யாரப் பாத்துக் கத்துக்கும்?'
கொஞ்சம் பூசி மொழிபெயர்த்தேன்.
சிரித்தாள்.
இங்கிலீஷ் அவள் வீட்டு மொழியே இல்லையாம்.
அவள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியாதாம்.
முனிரத்னா வீட்டில் தெலுங்கு,
மாதேஷ் வீட்டில் கன்னடம்,
எனக்குத் தமிழ்.
யார் பேரோ வெட்டிய வாடகை அண்டாவில்
எல்லோரும் சமைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் ஒரு கைக்கண்ணாடி கொண்டுவந்தாள்.
அவளும் பழக வேண்டுமாம்.
நாக்கு நுனி பல்லுக்கு நடுவே
வெளியே தெரியணும், எல்லாரும் பாருங்க.
கண்ணாடி முதல் பெஞ்சிலிருந்து கிளம்பியது.
வாங்கியவள் வாயைப் பொத்தினாள்.
அடுத்தவள் துப்பட்டாவால் அதைத் துடைத்தாள்,
துடைத்துக்கொண்டே இருந்தாள்,
பார்க்கவில்லை.
மாதேஷ் அதில் ஃபேன் சுற்றுவதைப் பார்த்தான்.
கடைசியில் என்னிடம் வந்தது.
கவிழ்த்து பெஞ்சில் வைத்தேன்.

'ஏன்?' என்றாள் பஸ்ஸுக்கு நிற்கையில்.
தண்ணீர், என்றேன்.
போர்த் தண்ணீர்.
பல்லெல்லாம் கருப்பட்டி கடித்த மாதிரி,
தேய்த்தால் போகாது.
ஒகேனக்கல் தண்ணீர் வியாழக்கிழமை வரும்,
வந்தால்.
சொல்லும்போதே என் கை
உதட்டுக்கு முன்னால் இருந்தது.
அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

பதினோரு வருஷம்
திஸ், தட், தோஸ் எல்லாம்
கைக்குப் பின்னாலிருந்துதான்
சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
ஒரு பிள்ளையும் என் நாக்கைப் பார்த்ததில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளை.
அவள் அறையில் மூன்று கேன் தண்ணீர் உண்டு,
அனுப்பிவைத்தவர்கள் ஏற்பாடு.
அதை நினைத்தாளோ என்னவோ
முகம் சிவந்துபோனது.
வெயிலாகவும் இருக்கலாம்.

மார்ச்சில் போய்விட்டாள்.
கண்ணாடியை மறந்தாளா, விட்டுப்போனாளா,
சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

ஜூலையில் ஆய்வுக்கு வந்தவர்
முனிரத்னாவை எழுப்பி எண்ணச் சொன்னார்.
ஒன், டூ, ஸ்ரீ.
'யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?'
வகுப்பே என்னைப் பார்த்தது.

'நாந்தான் சார்' என்றேன்.
பிறகு அவள் பக்கம் திரும்பி
நாக்கு நுனியைப் பல்லுக்கு வெளியே வைத்து
'த்ரீ' என்றேன்,
இரண்டு கையும் கீழே தொங்க.
நாக்கை எங்கே பார்த்தாள் முனிரத்னா,
என் பல்லைத்தான் பார்த்தாள்.
பார்க்கட்டும்.

அன்று வியாழன்.
தண்ணீர் வரவில்லை.