எழுத்து விழேல்லை

ஸ்டான்லி வீதியிலை கடைசிச் சட்டரும் இறங்கியாச்சு.
அச்சகத்துக்குள்ளை ஒரு ட்யூப்லைட், ஒரு மெஷின், நான்.
விடிய ஏழு மணிக்கு முந்நூறு கல்வெட்டு வேணும்:
கோண்டாவில், முப்பத்தோராம் நாள்,
அமரர் நாகேந்திரம் திலகவதி.

திரையிலை அவவின்ரை பேர்
பதினொரு பெட்டி.

பழைய மெஷின் போன கிழமை இடிக்குச் செத்தது.
புதிசுக்கு லினக்ஸ் போடுவிச்சவர் மரியநாயகம் அண்ணை,
காசுமில்லை வைரசுமில்லை எண்டு.
எங்கடை எழுத்துகளும் அதிலை இல்லை.

மூத்த மகன் ரொறன்ரோவிலை இருந்து அனுப்பின வரலாறு
பாமினியிலை அடிச்சது.
பாமினி இல்லாத இடத்திலை அம்மா
mk;kh எண்டு வந்து நிக்கிறா.
இருவது வருசம் இந்தக் கதிரையிலை இருந்த எனக்கு
அது அம்மா எண்டுதான் வாசிக்குது.
சபைக்கு அப்பிடிக் குடுக்க ஏலுமே?
மகள் ஃபோனிலை அடிச்சு அனுப்பின பிள்ளைகள், மருமக்கள்
பக்கம் முழுக்க பெட்டி, பெட்டி,
சீமெந்துக் கல்லு அடுக்கின மாதிரி.

பென் ட்ரைவிலை இருந்த எழுத்துருக்களைக் கொண்டுபோய்க்
கோப்புறையிலை போட்டன். பெட்டி.
பாதையைச் சொல்லிக் குடுத்தன். பெட்டி.
நிப்பாட்டி எழுப்பினன்.
அப்பிடி ஒரு எழுத்துரு இல்லை எண்டுது, மரியாதையா.

கோப்புறையைத் திறந்தால் எல்லாம் இருக்கு,
ஒண்டும் குறையேல்லை.
பட்டியல்தான் இல்லை.
திரைக்குப் பொறுப்பான சேர்வர் ஆக்களை எண்ணாது,
பட்டியலை வாசிக்கும்.
விதானையின்ரை பதிவிலை பேர் இல்லாட்டி
அவருக்கு முன்னாலை நிண்டு இருமினாலும்
வீட்டிலை ஆளில்லை.
இதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.
தொண்ணூற்றாறிலை மீசாலையாலை திரும்பி வந்து
ஆறு மாசம் சங்கக்கடை வாசலிலை
அட்டை இல்லாமல் நிண்டனாங்கள்.

ஒரு கட்டளை. பட்டியல் எழுதுப்பட்டுது.
இன்னொண்டு. திரும்ப வாசிச்சுது.
திரை ஒருக்கால் கண் வெட்டினது.
தனிச்சுப் போன கொம்பெல்லாம் ஓடிவந்து
தன் தன் எழுத்துக்கு முன்னாலை நிண்டது.
திலகவதி திலகவதி ஆனா.
பச்சைத் தண்ணி குடிச்சன், ஒரு செம்பு.

பிறகுதான் கண்டன், பதினாலாம் பக்கம்:
அன்புப் பிள்ளைகள்
சற்குணநாதன், காலஞ்சென்ற தேவமலர்,
□ உதயசீலன், நந்தமாலினி.

ஒரு பெட்டி மிச்சம்.

எழுத்துருவை மாத்தினன்.
கோடு மொத்திச்சுது, மெலிஞ்சுது, போகேல்லை.
பட்டியலைத் திரும்ப எழுதினன்.
போகேல்லை.
ஒரு மணித்தியாலம் அந்த ஒண்டோடை மல்லுக்கட்டி,
கடைசியிலை அதின்ரை இலக்கத்தைத் தேடிப் பாத்தன்.
வெற்றுச் சதுரம்.
காணாமல் போன எழுத்தில்லை.
அதுவே ஒரு எழுத்து.
ஆரோ தேடி எடுத்துப் போட்டது.

ஒண்டே காலுக்கு நந்தமாலினிக்கு அடிச்சன்.
நாளையான் சமையலுக்குத் தேங்காய் திருவுற சத்தம் கேட்டுது.
“அது பிழையில்லை” எண்டா.
“காலஞ்சென்ற எண்டு போட
அம்மா சாகுமட்டும் விடேல்லை.
சும்மா விட்டால், எங்கை நிக்கிறார் எண்டு
வாற சனம் கேக்கும்.
அது அப்பிடியே கிடக்கட்டும், தம்பி.”
திருவலை கொஞ்சம் நிண்டு
திரும்பத் துடங்கினது.

அஞ்சு மணிக்கு அண்ணை வந்து ப்ரூஃப் பாத்தவர்.
கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி
பதினாலாம் பக்கத்திலை சிவப்பாலை ஒரு சுழி,
பக்கத்திலை: எழுத்து விழேல்லை.

சுழியை வெட்டினன்.
கீழை, நீலத்தாலை:
விழுந்திருக்கு. விடுங்கோ.