லீவு பாரம்

எடைச்சீட்டின் பின்புறம் கணக்குப் போடுகிறேன்:
பகாவ் டவுனில் விசாரித்த டிக்கெட்,
சென்னையிலிருந்து பஸ்,
மூன்று பகல், இரண்டு ராத்திரி,
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.

"கடல்தானே? போர்ட் டிக்சனுக்குப் போயேன்"
என்கிறான் குணாளன்,
லோரி ஜன்னலில் முழங்கை வைத்து.
அவன் பின்னால் பத்து டன் செம்பனைக் குலை
வெயிலில் புளிக்கிறது.

கைபேசியில் புதுச்சேரியைப் பெரிதாக்குகிறேன்.
நெடுக்கே தெரு, குறுக்கே தெரு,
நம் ஏழாம் டிவிஷன் மாதிரியே.
பிரெஞ்சுக்காரனும்
கயிறு பிடித்துத்தான் நட்டிருக்கிறான்
மஞ்சள் சுவர்களை.

கிழக்கே மட்டும்
வரிசை சட்டென்று நின்றுவிடுகிறது.
அப்புறம் நீலம்,
யாரும் நம்பர் போடாத நீலம்.

பாரத்தில் 'காரணம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
'கல்யாணம்' என்று எழுதினேன்.
யாருக்கு என்று
மானேஜர் கேட்பதற்குள் யோசிக்க வேண்டும்.