நெடுஞ்சாலை மூடிய இரவு

எங்களிடமிருந்து நகரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர்.
நகரத்திலிருந்து நாங்கள் எவ்வளவு தூரமென்று
அங்கே யாரும் பலகை வைக்கவில்லை.

வங்கி போனது. பிறகு பல் வைத்தியர்.
பிறகு எட்டாம் வகுப்புக்கு மேலே எல்லோரும்
மஞ்சள் பேருந்தில் ஏறிப் போனார்கள்.
இரவில் கிழக்கே வானத்தின் ஓரம் ஆரஞ்சாகக் கசியும்.
அதுதான் ரெஜைனா.
புதிதாக வந்த தபால்காரர் முதல் வாரம்
தீ என்று நினைத்து எல்லோரையும் எழுப்பிவிட்டார்.

என்னிடம் இருப்பது கர்லிங் கூடத்தின் சாவி.
சம்பளமில்லை. தளத்தில் தண்ணீர் தெளித்து உறையவிடுவேன்,
சனிக்கிழமை பீட்ரூட் சூப் விற்பேன்,
தோற்றவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக்கொள்வேன்.

பிப்ரவரி, வெள்ளி, மாலை நாலரை.
காற்று வடமேற்கிலிருந்து படுத்தபடியே வந்தது.
முதலில் தானியக் கிடங்கு மறைந்தது,
பிறகு தெருவின் எதிர்ப்பக்கம்,
பிறகு நீட்டிய என் கையுறை.
சாலையை மூடிய போலீஸ்
வண்டிக்காரர்களை எங்காவது ஒதுங்கச் சொன்னது.
எங்காவது என்றால் நாங்கள்தான்.

அறுபத்து மூன்று பேர்.
பதினோரு வயது ஹாக்கிச் சிறுமிகள் ஓர் அணி.
பூட்டை உடைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு
லாரி நிறைய லெட்யூஸ் கீரையைத் திறந்துவிட்ட ஓட்டுநர்.
பிப்ரவரியில் ஊரே பச்சை இலை தின்றது.
ஒருவர் பல் வைத்தியராம்!
ஓரெஸ்ட் ஹ்ரிட்சாக் உடனே வாயைத் திறந்து
விளக்கடியில் உட்கார்ந்துவிட்டார்.

அறுபத்து நாலாவதாக
புருவத்தில் பனி ஒட்ட, காலணியைத் தட்டிக்கொண்டு
நுழைந்தவன் கர்டிஸ்.
என் மகன்.
வேலை மேற்கே, எண்ணெய்க் கிணற்றில். வீடு நகரத்தில்.
இரண்டு வாரத்துக்கொரு முறை
நம் ஊர்த் திருப்பத்தை நூற்றுப்பத்து வேகத்தில்
கடந்து போகிறான் என்பது எனக்குத் தெரியாது.
விமானத்தில் போய்வருவதாகச் சொல்லியிருந்தான்.
கூட வந்தவன்தான் சொன்னான், சூப்பை ஊதியபடி,
சிரித்துக்கொண்டு, நான் யாரென்று அறியாமல்:
"இந்த இடம் வந்தால் மட்டும்
ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவான்."

நான் கரண்டியைக் கழுவினேன்.
ஏற்கெனவே கழுவிய கரண்டி.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
மேசைகளுக்கு அடியில் படுத்திருந்த நகரம்
ஒரே குரலில் முனகியது.
நான் டார்ச் தேடித் துழாவும்போது
இருட்டில் யாரோ எழுந்து நடந்தார்கள்.
மூன்று படி இறங்கும் சத்தம்,
தாழ்ந்த உத்தரத்துக்குக் குனியும் இடைவெளி,
ஜெனரேட்டரை இரண்டு முறை இழுத்து, காத்திருந்து,
மூன்றாவது இழுப்பு.
விளக்கு வந்தது.
அவனுக்கு எப்படித் தெரியுமென்று
யாரும் கேட்கவில்லை. நானும்.

காலையில் பனிவாரி வண்டி வந்தது.
ஹாக்கிச் சிறுமிகள் ஒற்றைக் கையுறைகளை விட்டுப் போனார்கள்.
ஓரெஸ்ட் இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டுமென்று
பெருமையோடு சொல்லித் திரிந்தார்.
கர்டிஸ் என் காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு
"சூப்பில் உப்பு கூட" என்றான்.
"உன் அப்பா காலத்திலிருந்தே கூடத்தான்" என்றேன்.
அவ்வளவுதான் பேசினோம். மோசமில்லை.

திங்கட்கிழமை நகராட்சிப் படிவம் வந்தது.
செலவுக்கு ஈடு தருவார்களாம்.
வழியில் சிக்கிய வெளியூரார் எத்தனை பேர்?
அறுபத்து நாலு என்று எழுதினேன்.
அழித்தேன். அறுபத்து மூன்று.
தேநீர் போட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

நல்லவேளை, பென்சிலால்தான் எழுதியிருந்தேன்.