கூப்பிடு தூரம்

சட்பரி. நிக்கல் தீர்ந்த சுரங்கம்.
வாசலில் வேனுக்குள் ஐலாவும் நானும்,
ஆறிய காபியும்.

பாறை வளையுமிடத்தில் சிக்னல் வளையாது.
வளைவுக்கு ஒன்றாய் ரோபோவை நிறுத்தி
ஐந்தாவதை உள்ளே விட்டோம்.

நான்காவது நின்ற இடத்தில்
பார்க்க ஒன்றுமில்லை:
ஈரச் சுவர், துருவேறிய தண்டவாளம்.
அப்பால் ஐந்தாவது கண்ட ஏரியை
எண்ணாய் வாங்கி
எண்ணாய்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

மூன்று பத்துக்குத் திரை கறுத்தது.
ஐலா ஃபின்னிஷில் ஏதோ திட்டினாள்.

திரும்ப வெளுத்தபோது தெரிந்தது:
ஏரியை விட்டுவிட்டு
பதினொரு மீட்டர் பின்வாங்கியிருந்தது ஐந்தாவது,
கூப்பிட்டால் கேட்கும் இடம்வரை.
அப்படி நிரல் எழுதியவள் நான்தான்.
இருந்தும் எழுந்துவிட்டேன்,
கூரையில் தலை இடிக்க.

அறிக்கையில்
போன தூரத்துக்குக் கட்டம் உண்டு.
நின்றதற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நான்கு, நின்றது.