வலையின் உயரம்

என் ஸ்கோர் புத்தகத்தில் அவன் இ. இருதயராஜ்.
நான்காவதாக இறங்குபவன். வலது கை.
பாசிர் பாஞ்சாங்கில் கிரேன் ஓட்டுபவன்.
பதினான்கு பருவம், அறுபத்தொரு ஹோம் ரன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்ட்ரைக் அவுட்.
இரண்டாவது எண்ணை யாரும் கேட்பதில்லை.

அத்தனையும் நான் எழுதியது,
தோ பாயோ திடலோரம்
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து
கட்டிப்பையில் கோப்பி ஆறுவதற்குள்.

தவறவிட்டால்
முதலில் காற்று திரும்பும், பிறகு இடுப்பு,
கடைசியில் ஹெல்மெட்.
முழங்கால் மண்ணைத் தொடும்.
எழுந்து மட்டையைப் பார்ப்பான்,
அது ஏதோ சொல்லவந்து
விழுங்கிவிட்டது போல.

பட்டால் சத்தமே வேறு.
தேங்காய் உடைவது போல என்பார்கள் பெஞ்சில்.
இல்லை.
லாரித் தட்டில் கன்டெய்னர் உட்கார்ந்து
பூட்டு விழுமே, அது.
நாற்பது டன்னை விரற்கடை பிசகாமல் இறக்குகிறவன்
நூற்றைம்பது கிராம் எங்கே போய் விழுமென்று
ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

அந்த ஞாயிறு, நான்காம் இன்னிங்ஸ்.
வானம் ஈயச்சட்டி.
ஓங் பெங் ஹுவாட் வீசிய பந்து
கொஞ்சம் உயரம், கொஞ்சம் சோம்பல்.
சென்டர் ஃபீல்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
வேலி, தூங்குமூஞ்சி மரம், கார் நிறுத்துமிடம்
எல்லாம் தாண்டி
புளோக் நூற்றுப் பதினான்கு, ஐந்தாம் மாடியில்
திருமதி கோ மூங்கில் கழியில் நீட்டியிருந்த
கணவரின் பைஜாமாவில் மோதி
அவர் சமையலறைக்குள் போனது பந்து.

மூன்றாம் பேஸை அவன் மிதிக்கும்போது
மின்னல் சைரன் ஊதியது.

விதி தெளிவு:
ஐந்து இன்னிங்ஸ் முடியாத ஆட்டம்
நடக்காத ஆட்டம்.
அழியுங்கள் என்றார் நடுவர்.
அழித்தேன். துகளை ஊதினேன்.
மழையில் நனைந்தபடி
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"முதல் இன்னிங்ஸ் ஸ்ட்ரைக் அவுட்டும் போச்சா, அக்கா?"
போச்சு என்றேன்.
"அப்ப சரி."

திருமதி கோவுக்குச் சரியில்லை.
நகர மன்றத்துக்கு மூன்று கடிதம்,
மூன்றாவதோடு பைஜாமாவின் புகைப்படம்.
பந்தைத் திருப்பித் தரவேயில்லை.
சமையலறைக் கதவுக்கு அண்டை கொடுத்திருப்பதாகக் கேள்வி.

ஆறு மீட்டர் வலை பதினான்கு மீட்டரானது.
கூடவே புது விதி: வலையில் பட்டால் இரண்டு பேஸ்தான்.

கடைசி மூன்று பருவத்தில்
நாற்பத்தொரு முறை அதில் அடித்தான்.
ஒவ்வொரு முறையும் வலை
தொட்டில் துணி போல உப்பி, யோசித்து,
பந்தைத் துப்பும்.
அவன் இரண்டாம் பேஸில் நின்று
கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பான்.
அறுபத்தொன்று அறுபத்தொன்றாகவே நின்றது.

விருந்தில் கொடுத்த கேடயத்திலும் அதைத்தான் பொறித்தார்கள்.
நாற்பத்தொன்றையும் கூட்டிப் பார் என்று
நான் யாரிடமும் சொன்னதில்லை.
எழுதுகிறவளின் வேலை அதுவல்ல.
நடக்காத ஞாயிற்றின் பக்கத்தை மட்டும்
எப்போதாவது ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிப்பேன்;
பென்சிலைக் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போது அங்கே பேஸ்பால் இல்லை.
சனிக்கிழமை சிறுவர் கால்பந்து.
தூணுக்குப் பச்சை அடிக்க வந்த ஒப்பந்தக்காரர்
ஏணியின் பாதியில் நின்று கேட்டார்:
பிள்ளைகள் உதைக்கும் பந்துக்கு எதற்கு இவ்வளவு உயரம்?

அளவு அப்படி, என்றேன்.

வலையின் மேல் எட்டு மீட்டரில்
இந்த வருடம் எதுவுமே பட்டதில்லை,
ஒரு மைனாவைத் தவிர.
அதுவும் தானாகவே விடுவித்துக்கொண்டு
நூற்றுப் பதினான்கின் பக்கம் போனது.