அறுபத்தொன்று

எஃகு நாடாவின் நுனிப் பத்தடிக்கு
நீலச் சுண்ணப்பொடி தடவி இறக்குவேன்.
தச்சர்கள் நூலடிக்கும் அதே பொடி,
டப்பா நாலு டாலர்.
மேலே இழுத்ததும்
நீலம் எங்கே கருத்திருக்கிறதோ
அதுவரை நீர்.
அரிசோனாவின் இந்த மூலையில்
பூமி பேசுவது இவ்வளவுதான்.

கால்டர் ஃப்ளாட்ஸில் பதினேழு கிணறுகள்.
மாதக் கடைசிச் செவ்வாய் தவறாமல்
பதினோரு வருடம்.
ஒன்பதாம் எண், நான் வேலைக்கு வந்த புதிதில்
இருநூற்றுப் பன்னிரண்டு அடி.
போன செவ்வாய்
இருநூற்று எழுபத்தெட்டு.
நாடாவை மாற்றிவிட்டேன், நீளமானதாக.
அதற்கான ரசீது அலுவலகத்தில் இருக்கிறது.

ஹல்வர்சன் வரைபடத்தோடு வந்தார்.
நாலாயிரத்து இருநூறு வீடு, ஒரு கோல்ஃப் மைதானம்,
'ஏரியோரம்' என்றொரு தெரு.
எந்த ஏரி என்று கேட்டேன்.
தோண்டப்போகிறோம் என்றார்.
எங்கள் விதிப்படி ஒரு தாளில்
நான் கையெழுத்திட வேண்டும்:
இத்தனை வீட்டுக்கும் நூறு வருடம் தண்ணீர் உண்டு.
ரோசால்பா கிஹுயிஸ், நீரியலாளர்.

நூறு.
யாரையும் வாழ்த்துவதற்கு நல்ல எண்.
வாயால் சொன்னால் செலவில்லை.

மூன்று இரவு சமையலறை மேசையில் போட்ட கணக்கு.
எதிரே எவரெட், என் கணவன்,
கையெல்லாம் சுவர்ப்பலகைத் தூள்.
புது வீடு எழும்பினால்தான் அவனுக்குக் கூலி.
எவ்வளவு வந்தது என்றான்.
அறுபத்தொன்று என்றேன்.
தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு
படுக்கப்போனான்.

கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில்.
கூடைப்பந்துக் கம்பத்தின் கீழ் மேயர் லுன்ஸ்ஃபோர்ட்,
நல்ல மனிதர், எண்களோடு மட்டும் பேரம் பேசுவார்:
"அறுபத்தொன்றைக் கொஞ்சம் எழுபதாக்க முடியாதா?"
முடியும் என்றேன்.
கோல்ஃப் மைதானத்தை எடுத்துவிடுங்கள்.
சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.
யாரோ கை தூக்கினார்கள். எடுத்தாயிற்று. எழுபது.

அதன்பின் சபை தானாகவே கழிக்கத் தொடங்கியது.
ஏரி போனது: எழுபத்து நான்கு.
(ஹல்வர்சன் இங்கேதான் எழுந்து
தொலைபேசியோடு வெளியே போனார்.)
டயாலிசிஸ் நர்ஸ் ஓபல் ஸ்டெக்மன் கேட்டாள்,
கழிவறைக்கு எதற்குக் குடிநீர்?
ஊதாக் குழாய் பதிப்போம், கழுவிய நீர் திரும்பி வரட்டும்:
எண்பத்தைந்து.
அந்தத் தண்ணியைக் குடிக்கணுமா என்று ஒரு குரல்.
குடிக்க வேண்டாம், ஐயா, உட்கார வேண்டும், அவ்வளவுதான்.
இரண்டாம் கட்டம், ஆயிரத்து நானூறு வீடு,
நீண்ட நேரம் எடுத்தது அது.
பின்வரிசையில் எவரெட்டின் கூட்டாளிகள் கத்தினார்கள்.
எவரெட் தரையில் வரைந்திருந்த
மஞ்சள் கோட்டையே பார்த்திருந்தான்.
மூன்றுக்கு இரண்டு வாக்கில் நீக்கம்:
தொண்ணூற்று மூன்று.

ஏழு வருடம் குறைகிறது என்று சொன்னேன்.
இனி எதை எடுப்பது?
இப்போது இருப்பவர்களின் புல்வெளி இருந்தது.
யாரும் பார்க்கவில்லை அந்தப் பக்கம்.
வாராவாரம் கழுவப்படும் கார்கள்
வெளியே வரிசையாக நின்றன.
கடிகாரம் ஒன்பதைத் தொட்டது,
பையன்கள் பந்தோடு வாசலில் காத்திருந்தார்கள்.
அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார் மேயர்.

அந்த ஏழு வருடம்
மடிப்பு நாற்காலிகளோடு சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டது.

வண்டியில் எவரெட் பேசவில்லை,
வானொலியும் போடவில்லை.
வீட்டுக்கு முந்தைய திருப்பத்தில் மட்டும் கேட்டான்:
அந்தத் தொண்ணூற்று மூன்று நிஜமா?
மழை நம்மை ஏமாற்றாவிட்டால் என்றேன்.
வைப்பர் பல வாரமாகத் தொடாத கண்ணாடியில்
தூசி வெளிச்சம் பிடித்து நின்றது.

கையெழுத்து இடாத தாள் என் பையில்.
செவ்வாய்க்கிழமை வருகிறது.
பொடி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.