புறப்பட்ட நேரம்

பாபுராவ் தெருவில் கடைசிக்கு முந்தின சந்து.
மூன்று பெயர் மாறிய கட்டடம்.
பலகையைச் சுரண்டினால்
நீலத்துக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் வெள்ளைக்காரன் எழுத்து.
முதலில் விக்டோரியா ஓட்டல்.
பிறகு சுதந்திரா லாட்ஜ்.
இப்போது எம்.என்.ஜே. ரெசிடென்சி,
அதாவது மேல்விஷாரம் நவாப்ஜான்,
தோல் மண்டிக்காரர்.
மழை பெய்தால் இன்னும் மாடிப்படியில்
ஊறவைத்த தோல் வாசனை ஏறும்.

ராத்திரி கவுண்டரில் நான், தனகோட்டி.
பேய் உண்டா என்று கேட்பவர்களுக்கு
ஆள் பார்த்துப் பதில் சொல்வேன்.

கோட்டை பார்க்க வந்த காலேஜ் பையன்களுக்கு
ஒரு சிப்பாய்.
ஜூலை பத்து விடிவதற்குள்
வராந்தாவில் வெறுந்தலையைத் தடவிக்கொண்டு
தலைப்பாகை தேடி நடப்பான்.
கட்டடமே நூறு வருஷம் கழித்துத்தானே எழும்பியது
என்று ஒருத்தன் மடக்கினான்.
பேய்க்கு இன்னா பட்டாவா பாக்குறாங்கோ, என்றேன்.

ரயில்வே ஆட்களுக்கு
காட்பாடியில் வண்டியைத் தவறவிட்ட துரை.
நாலாம் அறைக் கண்ணாடியில்
இன்னும் முகம் மழித்துக்கொண்டிருப்பவர்.
அந்தக் கண்ணாடி
எண்பத்தெட்டில் லாங்கு பஜாரில்
நானே பேரம் பேசி வாங்கியது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை.
அவர்கள் பயத்தை அவர்களே கொண்டுவருகிறார்கள்,
பிளாஸ்டிக் கவரில், எக்ஸ்ரேயோடு.

ஒன்பதாம் அறை வேறு.
போலாநாத் சர்க்கார், பாங்குரா மாவட்டம்.
மனைவி நிருபமா. ஆட்கள் இரண்டு.
ராத்திரி மூன்று மணிக்கு அந்தம்மா மணி அடிப்பார்.
கொரோம் ஜொல்.
வெந்நீர் வாளியோடு ஏறுவேன்.
எனக்குத் தெரிந்த பதினெட்டு வங்காளச் சொற்களில்
முதலில் கற்றது அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தனியே வந்தார்.
அதற்கப்புறம் பதினோரு நாள்
இரண்டு பேருக்கு வாடகை கொடுத்தார்.
நானும் இரண்டு என்றே எழுதினேன்.
ஊருக்குப் போகும்போது தன் பெயருக்கு நேரே
நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தார்.
அந்தம்மாவின் கட்டம் காலி.
ஸ்டேஷனிலிருந்து ரிஜிஸ்டர் பார்க்க வந்த ஏட்டு
விரலை வைத்துக் கேட்டார்:
இது யாருய்யா, ரூமை விட்டுப் போகவேயில்லையா?

அந்த வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்.
அன்றைக்கே ரூம்பாய் ஏகாம்பரத்திடம்
ஒன்பதில் பெண்குரல் என்றேன்.
அவனிடம் சொல்வது தெருவில் தண்டோரா போடுவது.
ஒரே வாரத்தில் சாயபு ஓதிய தாயத்தைக் கட்டினார்,
பூட்டினார்,
சாவியை என்னிடமே கொடுத்தார்.

இருபத்திரண்டு வருஷமாக
பூட்டிய அறையில் ஆள் இருக்கிறது.
டோக்கனுக்காக பிளாட்பாரத்தில் படுத்தவர்கள்,
தும்காவிலிருந்து மகனை முதுகில் சுமந்து வந்தவர்,
அண்ணனுக்கு ரத்தம் கொடுத்துத் தலைசுற்றிய தம்பி.
பத்தரைக்குப் பின்வாசல், ஐந்துக்கு வெளியே.
விளக்கு போடக் கூடாது.
இருமலாம்.
இருமினால் பேய்க்குத்தான் நல்ல பெயர்.

போன மாசம் கட்டடம் விலையாகிவிட்டது.
ஒயர்களை அறுத்து எடைக்குப் போட்டார்கள்.
அழைப்புமணிப் பலகை மட்டும்
என் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.
கடைசி ராத்திரி, ஒன்பதில் யாரையும் விடவில்லை.

மூன்று மணிக்கு
ஒன்பதாம் எண் தகடு விழுந்தது.
டக்.
அவ்வளவுதான்.

எலி என்று சொல்லிக்கொண்டேன்.
சொல்லிக்கொண்டே ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.
வேலூரில், மே மாசத்தில், யாருக்கு வெந்நீர்?
வாளியை எடுத்துப் போய் வாசலில் வைத்தேன்.
உள்ளே போகவில்லை.
எகோன் கெமோன் ஆச்சேன், என்றேன் கதவிடம்.
இப்போது எப்படி இருக்கிறீர்கள்.
கேட்க வேண்டியதை
இவ்வளவு தாமதமாகக் கேட்டேன்.

நாலரைக்குப் போய்ப் பார்த்தேன்.
வாளி அப்படியே இருந்தது, ஆறிப்போய்.
பழைய ரிஜிஸ்டரை எடுத்து
அந்தக் காலிக் கட்டத்தில் பேனாவை ஊன்றினேன்.
மை ஊறிப் பரவியது.
நேரம் எழுத வரவில்லை.

கீழே யாரோ பின்கதவைச் சுரண்டினார்கள்.
பிளாஸ்டிக் கவர் சலசலத்தது.
இடிக்கிறவர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள்.
வாளித் தண்ணீரை
மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.